கன அடி

அந்தத் தொழிற்சாலையில் சின்னவளுக்கு வேலை கிடைத்ததற்கு அக்காவின் கணவர்தான் காரணம். சிபாரிசு எதுவும் இல்லை. ஒரு சைலோ ஆபரேட்டர் சொல்லி அங்கே யார் கேட்பார்கள்? கருவிப் பிரிவில் இன்ஜினியர் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்று சாப்பாட்டு இடைவேளையில் அவர் காதில் விழுந்தது. உடனே போன் செய்து, விண்ணப்பத்தைப் போட்டு வை, மிச்சத்தை உன் மூளை பார்த்துக்கொள்ளும் என்றார். பார்த்துக்கொண்டது. அவள் சேர்ந்த அன்று ஒரே பைக்கில் இருவரும் போய் இறங்கியபோது கேட்டில் நின்ற காவலாளியிடம், "இனிமே என்னைக் கொஞ்சம் மரியாதையா பாருங்க. நான் இன்ஜினியரோட டிரைவர்" என்றார்.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா அப்போதுதான் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் தங்கையைப் படிக்க வைத்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது அக்கா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: தங்கையும் கூடவே வருவாள். அதற்கென்ன, சண்டை வந்தால் பஞ்சாயத்துக்கு வெளியாள் தேட வேண்டாம் என்றாராம் மாப்பிள்ளை. அன்றிலிருந்து மூவரும் ஒரே வீடு. கீழே அவர்கள் இருவரும், மாடியில் ஒற்றை அறையில் சின்னவளும். குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசாமலிருக்க மூவருமே பழகிவிட்டிருந்தார்கள். சின்னவள் அவரை மாமா என்று கூப்பிட்டாள். ஆனால் பாதி நாள் அவர் அவளுக்குத் தோழன் மாதிரிதான்.

மாமா பார்த்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே பிளாஸ்டிக் தூள் செய்தார்கள். முகப்பவுடர் போல மெல்லிய வெள்ளைத் தூள். அதை ப்ளோவர் வைத்துக் குழாய் வழியாக ஊதி, மூன்று மாடி உயரமுள்ள சைலோ என்ற இரும்புத் தொட்டிக்குள் இறக்குவார்கள். கீழே மாமா, அதிலிருந்து டிரம்மில் மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார், பிறகு பெரிய பைகளில் நிரப்புவார். குழாயில் உரசிக்கொண்டு ஓடும்போது தூளில் மின்சாரம் ஏறும். தலைவாரிய சீப்பில் காகிதத் துண்டு ஒட்டிக்கொள்கிறதே, அதே சங்கதிதான். இங்கே அது டன் கணக்கில் நடக்கிறது. சைலோவுக்குள் தூள் மேகமாக மிதந்து இறங்கும்போது, அந்த மேகத்தின் ஒவ்வொரு கன மீட்டரிலும் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்று ஒரு மீட்டர் அளந்து சொல்லும். ஐம்பது மைக்ரோகூலூமைத் தாண்டினால் ப்ளோவரை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாவிட்டால் மேகத்துக்குள்ளேயே பொறி பறக்கலாம். பொறி விழுந்துவிட்டால் அந்தப் பவுடருக்கும் வெடிமருந்துக்கும் வித்தியாசம் கிடையாது.

வருடாந்திரப் பராமரிப்புக்காகத் தொழிற்சாலையை மூடியிருந்தபோது இரண்டு காரியங்கள் நடந்தன. பழைய ப்ளோவரை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றைப் பூட்டினார்கள். பழுதாகிக் கிடந்த பழைய மீட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். புதிய மீட்டர், அடியையும் அங்குலத்தையும் இன்னும் விடாத ஒரு தேசத்திலிருந்து வந்தது. அது கன அடிக்கு இவ்வளவு என்றுதான் சொல்லும். தொழிற்சாலையின் விதிகளும் கட்டுப்பாட்டு அறையின் திரையும் கன மீட்டரில் இருந்தன. நடுவே ஒரு பெருக்கல் தேவைப்பட்டது. கணினியில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டால், மீட்டர் சொல்வதை அதோடு பெருக்கித் திரையில் காட்டும்.

எண்ணைப் போடுவது சின்னவளின் வேலை. அன்று மீட்டர் பெட்டியைத் தோளில் சுமந்து மேலே ஏற்றிக் கொடுத்தது மாமாதான். இவன் வெளிநாட்டுக்காரன் ஆயிற்றே, நம் பேச்சு இவனுக்குப் புரியுமா என்று கேட்டார். "புரிய வைக்கத்தானே எனக்குச் சம்பளம்" என்றாள் அவள்.

ப்ளோவர் வேலை இழுத்துக்கொண்டே போனதில் எல்லாமே தாமதம். மேலாளர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கட்டுப்பாட்டு அறைக்கு வருவதும் போவதுமாக இருந்தார். சின்னவள் எண்ணைப் போட்டாள். மேலாளர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, சரிதானே என்று கேட்டார். சரிதான் என்றாள். அவரும் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார். ப்ளோவர் ஓடியது. திரையில் பதினான்கு வந்தது. பழைய மீட்டர் பன்னிரண்டு காட்டும். ப்ளோவர் பெரிது, அதனால் இரண்டு கூடியிருக்கிறது என்று எல்லோரும் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். ஐம்பதுக்கு அது எங்கேயோ கீழே இருந்தது.

அதற்கு அடுத்த வாரத்தில்தான் மாமா முதல்முறை சொன்னார். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், சைலோவுக்குள் சடசடவென்று சத்தம் கேட்கிறது, சோளம் பொரிகிற மாதிரி என்றார். மூடி பக்கம் கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் நட்டுக்கொள்கிறது, முன்னால் இப்படி இருந்ததில்லை. அக்கா, முடி இருக்கிறவர்களுக்குத்தானே நட்டுக்கொள்ளும் என்று சொல்லி அவர் வழுக்கையைப் பார்த்தாள். மூவரும் சிரித்தார்கள்.

ஆனாலும் சின்னவள் விஷயத்தை அப்படியே விட்டுவிடவில்லை. மறுநாள் சைலோவுக்கே போய் நின்று கேட்டாள். சத்தம் இருந்தது. மூடி அருகே அவள் கை ரோமமும் எழுந்து நின்றது. கட்டுப்பாட்டு அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தாள். மீட்டரின் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரும்பி வந்து மாமாவிடம் சொன்னாள்.

"பதினாலுதான் மாமா காட்டுது. ஐம்பது வரைக்கும் பயமில்ல. ப்ளோவர் பெரிசானதால சத்தம் கூட இருக்கும்."

"நீ பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"அப்ப சரி" என்று அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

வெடித்தது ஒரு முற்பகலில். சின்னவள் கருவி அறையில் ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. மேசை மேலிருந்த ஸ்குரூக்கள் எல்லாம் துள்ளின. அப்புறம்தான் சத்தம். யாரோ பூமிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கதவைச் சாத்தியது போல இருந்தது. வெளியே ஓடி வந்தபோது சைலோவின் மேல்மூடி காணவில்லை. வெள்ளைத் தூள் வானத்திலிருந்து நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. சில இடங்களில் அது எரிந்துகொண்டே இறங்கியது. யாரோ தோளைப் பிடித்துத் தள்ளிய பிறகுதான் ஓடினாள்.

கீழே இருந்தவர்கள் இருவர். ஒருவருக்குக் காது போனது. மாமாவைத் தகரப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். முகத்தைப் பார்த்து அவளால் அவரை அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை. இடுப்பு பெல்ட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

தீக்காயப் பிரிவில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். முதலில் அக்கா போனாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் எதுவும் இல்லை. உன்னைக் கேட்கிறார் என்று மட்டும் சொன்னாள். சின்னவள் பச்சை மேலங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கண்ணும் வாயும் போக மற்றதெல்லாம் கட்டு. மருந்து வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அது தெரிந்துவிடக் கூடாதே என்று பிறகு மெல்ல விட்டாள்.

வேறு யாருக்கு அடி என்று கேட்டார். சொன்னாள். பிறகு கேட்டார்.

"ஸ்கிரீன்ல எவ்வளவு காட்டுச்சு?"

"பதினாறு மாமா."

அவர் அதை யோசித்துப் பார்த்தார்.

"அப்ப நான்தான் எதையோ விட்டுட்டேன்."

அப்படிச் சொல்லாதீங்க மாமா என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அக்காவிடமும் அதையேதான் முனகினார். வேறெதுவும் தெளிவாகப் பேசவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் இறந்துபோனார்.

விசாரணை தொடங்கியது. அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண். எதையும் சட்டென்று எழுதிக்கொள்ள மாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். தொழிற்சாலையில் அதற்குள் ஒரு கதை உருவாகியிருந்தது. மாதிரி பிடிக்கும் இரும்பு டிரம்மில் எர்த் கிளிப் ஒன்றை மாட்ட வேண்டும். தூளிலிருந்து டிரம்முக்கு வரும் மின்சாரத்தை அது தரைக்கு இறக்கிவிடும். வெடித்த பிறகு அந்தக் கிளிப் தரையில் கிடந்தது. ஆபரேட்டர் மாட்ட மறந்திருக்கிறார், டிரம்மிலிருந்து பொறி பறந்திருக்கிறது. கேண்டீனில் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மேலாளர் அதையே கொஞ்சம் மெருகேற்றி அதிகாரியிடம் சொன்னார். பாவம், நல்ல மனிதர், ஒரு கணம் அசந்துவிட்டார் என்றார்.

அதிகாரி மீட்டரின் பழைய அளவுகளைக் கேட்டிருந்தார். அவற்றை எடுத்துக் கொடுக்கும் வேலையும் சின்னவளிடமே வந்தது. திரையில் காட்டியவை கணினியில் இருந்தன. மீட்டரின் உள்ளேயும் தனியாக ஒரு நினைவகம் உண்டு. அதில் கன அடிக் கணக்கில் பதிவாகியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வெடிப்பதற்கு முன் மீட்டர் கடைசியாகச் சொன்னது 4.9. திரை காட்டியது 16. நாலு புள்ளி ஒன்பதை என்ன எண்ணால் பெருக்கினால் பதினாறு வரும்?

மூன்று புள்ளி இரண்டு எட்டு. அவள் போட்ட எண் அதுதான். ஒரு மீட்டருக்கு மூன்றேகால் அடிக்குச் சற்று மேல். பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த எண். தெரிந்த முகம் என்பதால் யாரும் அதை நிறுத்தி, நீ யார் என்று கேட்கவில்லை. அது நீளத்துக்கு உரிய எண். ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் ஒரு கன அடிப் பெட்டிகளை அடுக்கினால் நீளத்தில் மூன்றேகால், அகலத்தில் மூன்றேகால், உயரத்தில் மூன்றேகால். மூன்று முறை பெருக்க வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல் வரும். அவள் ஒரு முறைதான் பெருக்கியிருந்தாள்.

கையிலிருந்த பேனாவால் மேசையிலேயே கணக்குப் போட்டாள். நூற்று எழுபத்து மூன்று. பதினாறு என்று திரை காட்டிய நேரத்தில் சைலோவுக்குள் இருந்தது நூற்று எழுபத்து மூன்று. மாமா சத்தம் கேட்கிறது என்று சொன்ன அன்று பதினான்கு இல்லை, நூற்று ஐம்பது. விரலால் தேய்த்து மேசையிலிருந்த மையை அழித்தாள். பிறகு மறுபடியும் அதே கணக்கைப் போட்டாள். அதே விடைதான் வந்தது. எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

முதலில் மேலாளரிடம்தான் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். காகிதத்தில் அவரும் ஒரு முறை போட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். அவர் முகம் சாம்பல் பூத்துப்போனது. அதைச் சின்னவள் பிறகும் மறக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்த முகம்தான்.

கிளிப் தரையில் கிடந்தது உண்மைதானே என்றார் அவர். எது காரணம் என்று யாரால் சொல்ல முடியும்? எண்ணை இன்றைக்கே சரியாக மாற்றிவிடலாம், இனி யாருக்கும் எதுவும் ஆகாது. இதைச் சொன்னால் தொழிற்சாலையை மூடிவிடுவார்கள். நானூறு குடும்பம் தெருவுக்கு வரும். தன் கையெழுத்தும் அதில் இருப்பதை அவர் மறைக்கவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்.

"உங்க அக்கா ஏற்கெனவே புருஷனைப் பறிகொடுத்திருக்காங்க. இதைச் சொல்லி தங்கச்சியையும் பறிகொடுக்க வைக்கணுமா?"

சின்னவள் பதில் சொல்லாமல் எழுந்து வந்தாள். பதில் சொல்லாததே சம்மதம் ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வந்தாள். அன்றும் அதற்கு மறுநாளும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவளைப் பேச வைத்தது அக்காதான், அக்காவுக்கே தெரியாமல். துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாளிடம் அக்கா பேசிக்கொண்டிருந்தது மாடிப்படியில் இறங்கும்போது கேட்டது. அழுகை இல்லை. கோபம். வீட்டிலும் அவர் இப்படித்தான், அடுப்பை அணைக்க மறந்துவிடுவார், சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வருவார், எத்தனை தடவை தலைப்பாடாக அடித்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதையோ விட்டுவிட்டேன் என்று அவர் வாயாலேயே என்னிடம் சொன்னாரே, ஒரு கிளிப்பை மாட்டுவதற்கு என்ன கேடு என்று கேட்டாள். "என்னை இப்படி விட்டுட்டுப் போனதுக்கு அவரை நான் மன்னிக்கவே மாட்டேன்" என்றாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் போன பிறகு அக்கா சமையலறையில் பாத்திரங்களைத் துலக்கினாள். துலக்கியவற்றையே மறுபடி துலக்கினாள். மாமாவின் தட்டைத் தனியே எடுத்து, அடுக்கின் அடியில், கண்ணில் படாத இடத்தில் தள்ளி வைத்தாள். சின்னவள் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள்.

"அக்கா, மாமா எதையும் விடல."

அக்கா திரும்பினாள். சின்னவள் சொல்ல ஆரம்பித்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மீட்டரில் தொடங்கி, பாதியில் குழம்பி, கடைசியில் மேடையிலிருந்த தீப்பெட்டியையும் மளிகை வந்த அட்டைப்பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள். இதுக்குள்ள இது எத்தனை போகும்னு பாக்கணும். நீளவாக்குல மட்டும் எண்ணிட்டு விட்டுட்டேன். அகலத்தையும் உயரத்தையும் எண்ணல.

அக்கா அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிய வெகுநேரம் ஆகவில்லை. குழாயை மூடினாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அவர் உன்கிட்ட கேட்டாரா? அந்தச் சத்தத்தைப் பத்தி, சாப்பிடும்போது சொன்னாரே, அதுக்கப்புறம் கேட்டாரா?"

சின்னவளால் பொய் சொல்லியிருக்க முடியும். அந்த ஓர் இடத்தில் மட்டும் பொய் சொன்னால் மற்றதெல்லாம் கொஞ்சம் தாங்கிக்கொள்ளக்கூடியதாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் வாய் தானாக உண்மையைச் சொன்னது. கேட்டார். போய்ப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்று சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் கேட்டார். பதினாறு என்று சொன்னேன். அதைக் கேட்டுத்தான் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார்.

அக்கா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சின்னவள் கிட்டே போனாள். வேண்டாம் என்பது போல அக்கா கையைக் காட்டினாள். பிறகு பேசினாள். குரல் சாதாரணமாகவே இருந்தது.

"சாகும்போது தன் தப்புன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாரு. நானும் அப்படியே நினைச்சேன். பிணத்தைத் தூக்கும்போதுகூட மனசுக்குள்ள திட்டிக்கிட்டுதான் இருந்தேன்."

"அக்கா..."

"போய் சொல்லு. அந்த அதிகாரிகிட்ட, எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லு. அவர் எதையும் மறக்கலைன்னு சொல்லு. சொல்லிட்டு, மாடியைக் காலி பண்ணிடு."

மறுநாள் தொழிற்சாலையின் பயிற்சி அறையில் அதிகாரியின் எதிரே உட்கார்ந்து சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேலாளர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அதிகாரி ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. முடிந்ததும் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசை மேல் வைத்தார். உள்ளே அந்த எர்த் கிளிப். அதன் பற்களில் ஒன்று வளைந்திருந்தது. டிரம்மின் விளிம்பில் பற்கள் இழுபட்ட கீறல் புதிதாக இருக்கிறது என்றார். கிளிப் மாட்டித்தான் இருந்தது, வெடித்த வேகத்தில் பிய்ந்து விழுந்திருக்கிறது. அந்த மேகத்துக்கு டிரம் தேவையே இல்லை, உள்ளேயே பற்றிக்கொண்டிருக்கும். ஏன் பற்றியது என்பதுதான் தெரியாமல் இருந்தது என்றார்.

"நான் சொல்லாம இருந்திருந்தா?" என்று சின்னவள் கேட்டாள்.

"கண்டுபிடிச்சிருப்பேன். கொஞ்ச நாள் ஆகியிருக்கும்" என்றார் அதிகாரி. அவர் குரலில் பாராட்டும் இல்லை, வெறுப்பும் இல்லை.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் வழக்கு எப்படி நடக்குமோ அப்படி நடந்தன. நீதிமன்றத்தில் சின்னவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். சிறைக்கு அனுப்பவில்லை, ஆனால் இனி எந்தப் பாதுகாப்புக் கருவியிலும் அவள் கை வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது. மேலாளர், பொறுப்பான இன்ஜினியரை நம்பிக் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். அதில் பொய்யும் இல்லை. அவரைக் கண்டித்து வேறொரு கிளைக்கு மாற்றினார்கள். கொஞ்ச காலம் மூடிக் கிடந்த தொழிற்சாலை மறுபடி திறந்தது. தீர்ப்பு நாளன்று அக்கா வந்திருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆபரேட்டர் மீது தவறேதும் இல்லை என்ற வரியைக் கேட்டதும் எழுந்து போய்விட்டாள். தங்கைக்கு என்ன தண்டனை என்பதைக் கேட்க நிற்கவில்லை.

சின்னவள் ஊரின் மறுகோடியில் ஓர் அறை எடுத்தாள். ஒரு சலவை நிலையத்தில் துணிகளுக்கு இஸ்திரி போடும் வேலை கிடைத்தது. அங்கே அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. சட்டைக் காலர்களும் தலையணை உறைகளும் நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தன. பைக் சத்தம் கேட்டால் மட்டும் தலை தானாக வாசல் பக்கம் திரும்பும். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்த சட்டையை எடுப்பாள்.

ஒரு மதியம், நீராவி இஸ்திரிப் பெட்டி பழுதாகி எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அந்த யோசனை வந்தது. அந்த மீட்டரை இங்கே விற்ற முகவர் ஒரு தொழிற்சாலைக்கு மட்டும் விற்றிருக்க மாட்டார். செல்போனில் தேடினாள். எங்களை நம்பி வாங்கியவர்கள் என்று அந்த முகவர் பெருமையாகப் போட்டிருந்த பக்கத்தில் பல ஆலைகளின் பெயர்கள் இருந்தன. கருவியைத் தொடத்தான் தடை. போனைத் தொட யாரும் தடை போடவில்லை. ஒவ்வோர் ஆலைக்கும் பேசத் தொடங்கினாள். நீங்கள் யார் என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்வாள். பலர் அதோடு வைத்துவிட்டார்கள். ஒருவர், விபத்து பண்ணினவ எங்களுக்குப் பாடம் எடுக்கறியா என்று திட்டினார். சிலர் பொறுமையாகப் பார்த்து, எங்களுடையது முப்பத்தைந்து புள்ளி மூன்றுதான், சரியாக இருக்கிறது என்றார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு அவள் நன்றி சொன்னாள். அவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை.

மாவும் மெல்லிய தூள்தான், பொறி பட்டால் வெடிக்கும். மாவு அரைக்கும் ஆலை ஒன்றில் பேசியவர் வயதானவர் போலிருந்தது. இருங்கம்மா என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பின்னால் ப்ளோவர் ஓடும் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் திரும்பி வந்து போனை எடுத்தார். சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"மூணு புள்ளி ரெண்டு எட்டுன்னு போட்டிருக்கும்மா."

"நிறுத்துங்க" என்றாள் சின்னவள். "முதல்ல நிறுத்திடுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

அவர் யாரையோ கூப்பிட்டார். காலடிச் சத்தம். பிறகு அந்த இரைச்சல் மெல்லத் தாழ்ந்து, முனகலாகி, நின்றது. அவர் மறுபடி போனுக்கு வரவில்லை. அவள் அந்த மௌனத்தைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். சலவை நிலைய முதலாளி வந்து, பெட்டி சரியாகிவிட்டது, வேலையைப் பார் என்ற பிறகுதான் வைத்தாள்.

அந்த வாரம் அவள் பல் மருத்துவமனைக்குப் போனாள். வழக்குக்குப் பிறகு அக்காவை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் அக்கா இளைத்துத் தெரிந்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் காத்திருந்தார்கள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சின்னவள் மேசைக்கு முன்னால் போனாள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். போ என்று சொல்லவில்லை.

மாவு ஆலையைப் பற்றிச் சின்னவள் சுருக்கமாகச் சொன்னாள். அங்கேயும் அதே எண், அதே தப்பு, இப்போது நிறுத்திவிட்டார்கள். வேறெதுவும் சொல்லவில்லை. அக்கா ஒரு சீட்டில் எண் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"அங்க சைலோ பக்கம் எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

"ஆறு பேர்னு சொன்னாங்க. நேத்து திரும்பப் பேசினேன்."

"கல்யாணம் ஆனவங்களா?"

"தெரியல அக்கா. கேக்கல."

அக்கா சீட்டில் எண்ணை எழுதி முடித்தாள். பேனா மூடியைத் திருகித் திருகி மூடினாள். சின்னவளுக்குப் பின்னால் நின்றவர், கொஞ்சம் நகருங்கம்மா, வலி தாங்க முடியவில்லை என்றார். சின்னவள் ஒதுங்கி நின்றாள். அக்கா அவரிடம் சீட்டைக் கொடுத்து, உட்காருங்க, கூப்பிடுறேன் என்றாள். பிறகு தங்கை இருந்த பக்கம் பார்க்காமலே, அடுத்தவரை வரச் சொன்னாள்.